பிள்ளையின் நோட்டைத் திருத்தும்போது எப்படிப் பாராட்டுவது?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வெறும் 'வெரிகுட்' எழுதி நோட்டைத் திருப்பித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. எது நன்றாக இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

52-இலிருந்து 27-ஐக் கழிக்கிறாள் ஒரு சிறுமி. கடன் வாங்கியதும் 5-ஐ அடித்துவிட்டு மேலே 4 என்று எழுதுகிறாள். அந்த 4-ஐத் தொட்டுக் காட்டி, "இதை மறக்காமல் எழுதினாய் பார், அதனால்தான் 25 சரியாக வந்தது கண்ணு" என்று சொல்லுங்கள். அடுத்த கணக்கில் அவள் கை தானாக அங்கே போகும். விடை தவறாக இருந்தாலும், இந்தப் படி சரியென்றால் அதற்கு மட்டும் ஒரு டிக் போடுங்கள். பயந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு டிக் பெரிய தெம்பு.

"நீ புத்திசாலி" என்பதைத் தவிர்க்கலாம். உளவியல் ஆய்வாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தடுமாறியதும் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

"அண்ணனைவிட நன்றாகப் போட்டாய்" என்பது கூடவே கூடாது. அண்ணனும் அதே வீட்டில்தானே இருக்கிறான்! பாராட்டிய கையோடு "ஆனால் கையெழுத்துதான்..." என்று இழுக்கவும் வேண்டாம். கையெழுத்தைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.