பல பணிப்போக்கு வரைபடங்களை ஒரே தகவமை மாதிரியாக இணைக்கும் முறை

நெதர்லாந்தில் 2010 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், வீடு கட்டுதல், மரம் வெட்டுதல் முதலிய ஏறத்தாழ 25 அனுமதிகளை ஒரே சூழல் அனுமதியாக்கியது. 2024 தொடக்கத்தில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, எளிய விண்ணப்பத்துக்கு 8 வாரம், சிக்கலானதற்கு ஆறு மாதம் என்ற கெடு நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. ஆயினும் அப்பணியை ஒவ்வொரு நகராட்சியும் தன் வழக்கப்படியே செய்தது. ஒரு பணியின் படிகளைப் பெட்டிகளாலும் அவற்றின் வரிசையை அம்புகளாலும் காட்டுவது பணிப்போக்கு வரைபடம். நகராட்சிக்கு நகராட்சி சற்றே வேறுபடும் இத்தகைய ஒத்த வரைபடங்களைச் சேர்த்து, தேவையானதை மட்டும் தேர்ந்துகொள்ளத்தக்க ஒரு ‘தகவமை மாதிரி’யாக்கும் வழியை, அந்த அனுமதியை வைத்தே பார்ப்போம்.

எல்லா வரைபடங்களையும் முதலில் ஒரே குறியீட்டு முறைக்கும் ஒரே நுணுக்க அளவுக்கும் கொண்டுவர வேண்டும். ஒன்றில் ஒரே பெட்டியாக உள்ள ‘பரிசீலனை’ மற்றொன்றில் ஐந்து பெட்டிகளாக விரிந்திருந்தால், ஒப்பீடு தொடங்கும் முன்பே பிழையாகிவிடும்.

அடுத்தது பொருத்தம் காணல், அதாவது ஒரு வரைபடத்தின் எந்தப் படி மற்றொன்றின் எந்தப் படிக்கு இணை என்று கண்டறிதல். உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செலவாகும், செலவாகவும் வேண்டும். பெயர்களின் எழுத்தொற்றுமையைக் கணக்கிட்டு மென்பொருள் இணைகளைப் பரிந்துரைக்கும் என்றாலும், அவற்றை அப்படியே ஏற்கக் கூடாது. ‘ஆவணச் சரிபார்ப்பு’ என்பது ஓரிடத்தில் விண்ணப்பம் முழுமையாக உள்ளதா என்று பார்ப்பதாகவும், வேறோரிடத்தில் கட்டட விதிகளுக்கு உட்பட்டதா என்று ஆராய்வதாகவும் இருக்கலாம். எனவே அந்தப் படிக்கு முன்னும் பின்னும் வருபவற்றைப் பாருங்கள். ஐயம் தீரவில்லையெனில், அந்த வேலையைச் செய்பவரிடமே கேளுங்கள்.

பொருந்திய பகுதிகளை ஒருமுறை மட்டும் வரைந்து, வழிகள் பிரியும் இடத்திலும் மீண்டும் சேரும் இடத்திலும் தகவமைக்கத்தக்க, அதாவது எவ்வழி வேண்டும் என்று பின்னர் தேர்ந்துகொள்ளத்தக்க, கிளைமுனைகளை வைக்க வேண்டும். ஒவ்வோர் அம்பின் மீதும் அது எந்த மூல வரைபடத்திலிருந்து வந்தது என்று குறிப்பது கட்டாயம். ஒரே இடத்தில் ஒரு நகராட்சி ‘ஏதேனும் ஒன்று’ என்றும், மற்றொன்று ‘எல்லாம்’ என்றும் வைத்திருந்தால், இரண்டையும் தன்னுள் அடக்கும் ‘ஒன்றோ பலவோ’ என்ற கிளைமுனையை இடலாம். தகவமைப்பு என்பது உள்ள வழிகளைக் குறைப்பதே, புதிதாகச் சேர்ப்பதன்று என்பதால், பொது மாதிரி எப்போதும் அகன்றதாகவே இருக்க வேண்டும்.

அந்த அகலத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. முதல் பாதியை ஒரு நகராட்சியின் வழியிலும் மறுபாதியை இன்னொன்றின் வழியிலும் சென்றால், எவரும் கருதாத ஒரு பாதை பிறந்துவிடும். அண்டை வீட்டாரின் ஆட்சேபத்தைக் கேட்கும் படியே அதில் விடுபட்டுப்போகலாம். இதைத் தடுக்க, ‘இங்கே இதைத் தேர்ந்தால் அங்கே அதையே தேர வேண்டும்’ என்ற நிபந்தனைகளை மாதிரியோடு சேர்த்து எழுதுங்கள். தேர்வின்போது வேண்டாத ஒரு படியை மறைப்பதும் அடைப்பதும் வேறு வேறு: மறைத்தால் அந்தப் படி மட்டும் தாண்டப்பட்டுப் பணி தொடரும், அடைத்தால் அந்த வழியே மூடப்படும்.

இணைப்பு சரியா என்று அறிய, ஒவ்வொரு நகராட்சிக்குரிய தேர்வையும் அமைத்து, கிடைக்கும் வரைபடத்தை அதன் மூலத்தோடு ஒப்பிடுங்கள். மூலம் அனுமதித்த பாதைகளில் ஒன்று குறைந்தாலும் கூடினாலும், பெரும்பாலும் பொருத்தம் கண்ட கட்டத்திலேயே தவறு இருக்கும்; அங்கே திரும்பிச் செல்லுங்கள். பொதுப்பகுதி மிகச் சிறிதாக, கிளைமுனைகளே நிறைந்து நிற்கும் மாதிரி கிடைத்தால், அவ்வரைபடங்களை இணைக்காமல் தனித்தனியே விடுவதே நல்லது.