சாரதியின் கண்ணாடி வழியே: முன்பக்கப் புகையிரதக் காணொளிகளைப் பயணமாகப் பார்ப்பது எப்படி?

புகையிரதத்தில் போகும் பயணிக்குக் கிடைப்பது பக்கக் காட்சி மாத்திரமே. யன்னலோர இருக்கை கிடைத்தாலும், வயலும் பனையும் வீடும் கண்ணில் பட்ட கணத்திலேயே பின்னால் போய்விடும். அடுத்து என்ன வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. சாரதிக்கோ வளைவும் பாலமும் கடவையும் சுரங்கமும் தூரத்திலேயே தெரிந்து, மெல்ல நெருங்கி வருகின்றன. அந்த முன்பக்கக் காட்சியைத் தொடக்க நிலையம் முதல் கடைசி நிலையம் வரை அப்படியே பதிவு செய்த காணொளிகள் யூடியூப்பில் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுவதால், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ இருப்பவர்கள் கோச்சி ஏறுவதற்கே முதலில் பஸ் ஏறவேண்டும். அவர்களுக்கும், வயதினாலோ நோயினாலோ நெடும்பயணம் போக இயலாதவர்களுக்கும், புகையிரதத்தின் மீது தீராத ஆசை கொண்ட பிள்ளைகளுக்கும் இந்தக் காணொளிகள் பெரும் கொடை என்றே சொல்வேன்.

ஆயினும் இவற்றைத் திறந்து பத்து நிமிடத்தில் சலித்து மூடிவிடுபவர்கள் பலர். அழகான காட்சி எப்போது வரும் என்று காத்திருப்பதே அந்தச் சலிப்புக்குக் காரணம். சாரதி காட்சிக்காகக் காத்திருப்பதில்லை. அவர் ஒவ்வொரு நிமிடமும் பாதையை வாசித்துக்கொண்டே போகிறார். நாமும் அந்த வாசிப்பைக் கொஞ்சம் பழகிக்கொண்டால், வெறும் காட்டுக்குள் நேராக ஓடும் தண்டவாளம்கூடச் சலிக்காது.

முதலில் தேர்வு. வெட்டித் தொகுத்த பத்து நிமிடக் காணொளிகளைத் தவிர்த்து, இடைவெட்டு இல்லாத முழுப் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். பின்னணி இசை சேர்த்தவற்றையும் ஒதுக்கிவிடலாம், ஏனெனில் சில்லின் ஓசையும் ஊதலும் கடவை மணியும் பயணத்தின் பாதி. செக்கனுக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட பதிவு கிடைத்தால் அதுவே சிறந்தது. 30 சட்டங்கள் என்றால் அருகில் வரும் சிலிப்பர் கட்டைகள் கலங்கித் தெரியும். தேடும்போது ‘கேப் வியூ’, ‘கேப் ரைட்’ என்ற ஆங்கிலச் சொற்களோடு பாதையின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். யப்பானியப் பதிவுகளுக்கு ‘ஸென்மென் தென்போ’ என்று குரல் தேடலில் சொல்லிப் பார்க்கலாம். அந்நாட்டில் பல புகையிரதங்களில் சாரதிக்குப் பின்னால் அகன்ற கண்ணாடி இருப்பதால், பயணிகளே அங்கு நின்று பதிவு செய்கிறார்கள். வெள்ளைக் கையுறை அணிந்த சாரதி ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வதையும் சில பதிவுகளில் காணலாம். கவனம் சிதறாதிருக்க அவர்கள் கைக்கொள்ளும் முறை அது.

முதற் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது நோர்வேயின் ஒஸ்லோ–பேர்கன் பாதை. எங்கள் ஊர்களில் நோர்வேயிலோ சுவிற்சர்லாந்திலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. தொலைபேசியில் மட்டும் கேட்ட ஊர்ப்பெயர்கள் நிலையப் பலகைகளாகக் கண்முன் வருவது தனி நெருக்கத்தைத் தரும். 1909 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நூற்றாண்டை ஒட்டி, 2009 நவம்பரில் நோர்வேயின் அரச ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. ஏழு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட முழுப் பயணத்தையும் நிமிடம் விடாமல் ஒளிபரப்பியது. சுரங்கங்களுக்குள் புகையிரதம் போன நேரங்களில் பழைய ஆவணப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். மெதுவான தொலைக்காட்சி என்றொரு வகையே அந்த ஒளிபரப்பினால் பிரபலமானது. அதன் பின்னர் புகையிரதச் சாரதிகளே தாங்கள் ஓட்டும் கூடத்திலிருந்து எடுத்து வெளியிட்ட பதிவுகள் அந்நாட்டிலிருந்து ஏராளமாக வந்துள்ளன.

இந்தப் பாதையை முதலில் எடுப்பதற்கு உறவினர் மட்டும் காரணமல்ல. நிலம் மாறுவதைக் கண்ணால் அளந்துகொண்டே போக இதைவிட நல்ல பாடம் இல்லை. ஹோனபொஸ் என்ற ஊரைக் கடக்கும்போது கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரம்கூட இல்லை. அடர்ந்த ஊசியிலைக் காடுகளும் ஆற்றங்கரைகளுமாகப் பாதை ஏறுகிறது. யெய்லோ என்ற ஊர் வரும்போது உயரம் ஏறத்தாழ 800 மீற்றர். அதற்கு மேல் மரங்கள் குட்டையாகி, ஐதாகி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விடுகின்றன. 1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்ஸ நிலையத்தில் பாறையும் ஏரியும் பனியுமே மிஞ்சுகின்றன. அந்தப் பகுதியில் தண்டவாளத்தின் மேல் கூரை போட்ட நீண்ட கொட்டகைகள் வரும். காற்று அள்ளிக்கொண்டுவரும் பனி பாதையை மூடாமலிருக்கக் கட்டியவை அவை. மரம் எந்த நிமிடத்தில் மறைந்தது என்று குறித்துக்கொள்ள முயலுங்கள். அந்த ஒரு முயற்சியே உங்களை ஒரு மணித்தியாலம் திரையின் முன் கட்டிப்போடும்.

இனிப் பாதையை வாசிக்கும் முறைக்கு வருகிறேன். இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். இரும்புச் சில்லுக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. சிறிய விசையால் பெரும் பாரத்தை இழுக்க முடிவது அதனால்தான், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாததும் அதனால்தான். வேகமாகப் போகும் புகையிரதம் நிற்பதற்கு ஒரு கிலோமீற்றர் அளவுக்குக்கூடத் தேவைப்படலாம். ஆகவே சாரதி கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களை நம்பியே ஓட்டுகிறார். ஒரு சமிக்ஞை மஞ்சளாகத் தெரிந்தால், அடுத்த சமிக்ஞை வரும்வரை என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். என்ஜின் ஓசை தணியும், தடை பிடிக்கும் சீறல் கேட்கும், வேகம் குறையும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் வளைவுக்கு அப்பால் நிலையமோ சிவப்பு விளக்கோ நமக்குத் தெரியும். நிலையம் தெரியுமுன்பே அதற்கான வேலையைச் சாரதி தொடங்கிவிட்டார் என்பதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு நீங்களும் அவருக்கு முன்னாலேயே ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வேகத்தை அறியவும் எளிய வழி உண்டு. பாதையோரம் வரும் கிலோமீற்றர் கற்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே எத்தனை செக்கன் ஆகிறது என்று எண்ணி, 3,600 ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது வந்துவிடும். 36 செக்கன் என்றால் 100. 72 செக்கன் என்றால் 50. மேல்வகுப்புப் பிள்ளைகளுடன் சேர்ந்து பார்ப்பவர்களுக்கு இது நல்ல கணக்குப் பயிற்சியும்கூட. கல் தெளிவாகத் தெரியாவிட்டால் காணொளியை நிறுத்திவிட்டு, கணினியில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்துங்கள். யூடியூப்பில் ஒவ்வொரு சட்டமாகப் பின்னும் முன்னும் நகரும்.

இன்னொரு திரையிலோ கைத்தொலைபேசியிலோ வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வது மிக அவசியம். செய்மதிப் படத்தோடு ஓப்பன்ரெயில்வேமேப் என்ற இலவச வரைபடத்தையும் பயன்படுத்தலாம். அது உலகின் புகையிரதப் பாதைகளைத் தனியே எடுத்துக் காட்டுகிறது. சுவிற்சர்லாந்தின் அல்புலா பாதைக்கு வரைபடம் இல்லாமல் போகவே கூடாது. கூர் நகரிலிருந்து செயின்ற் மோறிற்ஸ் நோக்கிப் போகும் திசையில் பார்த்தால், 65 மீற்றர் உயரமும் 136 மீற்றர் நீளமும் கொண்ட லான்ட்வாஸர் பாலம் வளைந்து வளைந்து நேரே ஒரு செங்குத்துப் பாறையை நோக்கிப் போவது தெரியும். பாலம் முடிகிற இடத்திலேயே பாறைக்குள் சுரங்கம் திறக்கிறது. பக்க யன்னலில் இருப்பவருக்குப் பள்ளத்தாக்கின் ஆழம் தெரியும்; பாறை முகத்தில் அந்தச் சிறு துவாரம் பெரிதாகிக்கொண்டே வருவதைச் சாரதியின் இடத்திலிருந்து மட்டுமே பார்க்க முடியும். அதற்கு அப்பால் பெர்குயின், பிரெடா என்ற இரு ஊர்களுக்கு இடையே பாதை மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றி ஏறுகிறது. எந்தத் திசையில் போகிறோம் என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. வரைபடத்தைப் பார்த்தால்தான், சற்றுமுன் கடந்த தண்டவாளம் இப்போது நமக்குக் கீழே கிடக்கிறது என்பது விளங்கும்.

செயின்ற் மோறிற்ஸிலிருந்து தொடரும் பெர்னினா பாதை 2,253 மீற்றர் உயரத்துக்கு ஏறி, இத்தாலியின் திரானோவில் 429 மீற்றருக்கு இறங்குகிறது. பற்சக்கரம் எதுவும் இல்லாமலே, 1,000 மீற்றருக்கு 70 மீற்றர் ஏறும் சரிவுகள் அதில் உண்டு. எங்கள் மலையகப் பாதையின் புகழ்பெற்ற 44 க்கு 1 என்ற ஏற்றத்தோடு ஒப்பிட்டால், இது ஏறத்தாழ 14 க்கு 1. திரானோவை நெருங்கும்போது தண்டவாளம் தெருவோடு கலந்து, கார்களுக்கிடையே ஊர்ந்து செல்வதும் வேடிக்கையான காட்சிதான்.

இந்தியாவின் நீலகிரி மலைப் பாதையைத் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினின் பற்சக்கரம் மாட்டி ஏறுவதற்கான பற்சட்டம் உள்ள ஏற்றப் பகுதியில் என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. ஆகவே மேலேறும் திசையில் எடுத்த முன்பக்கக் காட்சி சாரதியுடையதல்ல. முன் பெட்டியில் நிற்கும் பிரேக் ஊழியருடையது.

டேட்டாச் செலவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. செக்கனுக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் காணொளி மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட் எடுக்கும். 5 மெகாபிட் என்றால் 2.25 ஜிகாபைட். ஏழு மணித்தியாலப் பயணத்தை உயர்ந்த தரத்தில் ஒரே மூச்சில் பார்ப்பது பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. இரவுநேர டேட்டா மிஞ்சிக் கிடந்தால் அதை இதற்குப் பயன்படுத்துங்கள். தரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் பனி படர்ந்த மேட்டுநிலப் பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். அசையும் இலைகள் நிறைந்த காட்டுப் பாதைகள் குறைந்த தரத்தில் பச்சைக் குழம்பாகிவிடும். முழுப் பயணத்தை இரண்டு மூன்று இரவுகளுக்குப் பிரித்துப் பார்ப்பதில் பிழையில்லை, ஆனால் நிலையத்தில் நிறுத்தி நிலையத்தில் தொடங்குங்கள். வேகத்தைக் கூட்டி ஓடவிடாதீர்கள்; ஓசை கெட்டுவிடும், சாரதியின் தீர்மானங்களும் தெரியாமற் போகும். தலை சுற்றுபவர்கள் திரையிலிருந்து சற்றுத் தள்ளி இருந்து, அறையில் விளக்கை எரியவிட்டு, தண்டவாளங்கள் சேரும் தூரப் புள்ளியையே பார்த்தால் தலைச்சுற்று பெரிதும் குறையும்.

வெளிநாட்டுப் பாதைகளில் கண் பழகிய பிறகு எங்கள் நாட்டுப் பாதைக்கு வாருங்கள். கனடாவில் செய்த பழைய என்ஜின்களின் நீண்ட பக்கம் முன்னால் வரும்போது சாரதிக்கே பாதி தண்டவாளம் மறைந்துவிடும். டீசல் தொடர்வண்டிகளில் எடுத்தவையே தெளிவானவை. மலையகப் பாதையில் எல்ல நிலையத்தைத் தாண்டி ஒன்பது வளைவுப் பாலம், அதன்பின் தெமோதர. அங்கே பாதை சுற்றி இறங்கி, கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே போகிறது. ஒற்றைப் பாதைகளில் நிலைய ஊழியரும் சாரதியும் பெரிய வளையத்தோடு கூடிய பையைக் கைமாற்றுவதைத் தவறவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் ‘டெப்லட்’ என்ற அனுமதி வில்லை கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்குப் புறப்பட முடியாது.

மட்டக்களப்புப் பாதையில் மலையும் சுரங்கமும் இல்லை. ஏறாவூர், கல்குடா, வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை என்று போகும் இந்தப் பாதையில் பார்க்க வேண்டியது நீரும் காடுமே. ஓட்டமாவடியில் ஆற்றைக் கடப்பதும், மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடப்பதும் முன்பக்கத்திலிருந்து பார்க்கத் தகுந்தவை. மன்னம்பிட்டிப் பழைய பாலத்தில் ஒரு காலத்தில் வாகனங்களும் புகையிரதமும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்டன என்பதை மூத்தவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அவர்களை அருகில் இருத்திப் பாருங்கள், காணொளியில் இல்லாத கதைகளும் கிடைக்கும். திருகோணமலைப் பாதை பிரியும் கல்லோயாச் சந்தி அம்பாறையின் கல்லோயாவுக்கு அருகில் உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் இருக்கிறது. அப்பகுதியில் இரவில் எடுத்த பதிவு கிடைத்தால், முன்விளக்கின் வெளிச்சம் எவ்வளவு குறுகிய தூரத்துக்கே எட்டுகிறது என்று கவனியுங்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில், விடியுமுன் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தன. சாரதி பார்த்த பிறகு நிறுத்துவதற்கு ஏன் நேரம் போதாது என்பது அந்தக் காட்சியில் தெளிவாக விளங்கும். யானைக் கடவைகளில் வேகக் கட்டுப்பாடு எவ்வளவு தேவை என்பதும் விளங்கும்.

தாங்களே பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் மிதிபலகையில் தொங்கியோ, தலையை வெளியே நீட்டியோ எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. கம்பமும் பாலத்தின் இரும்புச் சட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. கடைசிப் பெட்டியின் பின் கண்ணாடி வழியாக, உள்ளே நின்று எடுப்பதே போதும்.

ஒரு பாதையை முழுமையாகப் பார்த்து முடித்ததும் அதையே எதிர்த்திசையில், இயன்றால் வேறொரு பருவத்தில் பாருங்கள். பேர்கனிலிருந்து ஒஸ்லோ நோக்கி வரும்போது, வோஸ் நிலையத்திலிருந்து 867 மீற்றர் உயரத்திலுள்ள மீர்டால் வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் 800 மீற்றர் ஏறவேண்டும். ஒஸ்லோப் பக்கத்திலிருந்து வந்தபோது மெல்லக் குறைந்த மரங்கள் இங்கே விரைவாக மறைந்துவிடும். மீர்டாலிலேயே இறங்கிக்கொண்டு, அங்கிருந்து 20 கிலோமீற்றரில் கடல் மட்டம்வரை சரியும் பிளாம் கிளைப் பாதையின் காணொளியை அடுத்ததாகத் திறக்கலாம்.