எடின்பரோவை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி? (மேல் தெரு, கீழ் தெரு குழப்பம் இல்லாமல்)

போன ஜூனில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் நான்கு நாள் இருந்தேன். முதல் நாள் அலைச்சலிலேயே போனது, நான்காம் நாள்தான் ஊர் பிடிபட்டது. அன்றைக்கு நடந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உச்சியிலிருந்து தொடங்குங்கள்

கோட்டை காலை 9.30க்குத் திறக்கும். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், ஆகஸ்டில் விழாக் கூட்டம் இருக்கும்போது நேரில் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை போகும் ராயல் மைல் என்கிற தெரு முழுக்க இறக்கம்தான், மேலிருந்து வந்தால் முழங்கால் நன்றி சொல்லும். பகல் ஒரு மணிக்கு கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், 1861 முதல் நடக்கிற வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

படி 2: வரைபடத்தில் பாலம் எது என்று பாருங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கௌகேட் தெருவில் ஒரு உணவகத்தில் நண்பர் காத்திருந்தார். நான் நான்காம் ஜார்ஜ் பாலத்தில் நிற்கிறேன், கைபேசியில் நீலப் புள்ளி சரியாக கௌகேட் மேல் இருக்கிறது, ஆனால் திரும்ப ஒரு சந்துகூட இல்லை. இருபுறமும் கடைகள் இருப்பதால் அது பாலம் என்றே தெரியாது. கம்பித் தடுப்பு தெரிந்த ஓர் இடத்தில் எட்டிப் பார்த்தேன், வெகு கீழே ஒருவர் வேனிலிருந்து பீர் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தார், அவர் தலை உச்சிதான் தெரிந்தது. நான் தேடிய தெரு அதுதான்!

பழைய நகரம் மேட்டிலும் பள்ளத்திலும் எழும்பியது, பள்ளத்தைத் தாண்டப் பாலம் கட்டி, பாலத்தை ஒட்டியே வீடும் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் சௌத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள், இன்று வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, கௌகேட்டுக்கு மேலே இருப்பது.

இறங்கும் வழி: கிரேஃபிரையர்ஸ் பாபி நாய்ச் சிலையிலிருந்து கேண்டில்மேக்கர் ரோ வழியாகக் கீழே போங்கள், அடியில் வலப்பக்கம் திரும்பினால் கௌகேட். சரி, அந்தச் சிலையின் மூக்கைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள், 1873இல் வைத்த சிலை, பயணிகள் தேய்த்தே நிறம் போய்விட்டது.

ராயல் மைலின் இருபக்கமும் 'குளோஸ்' என்று பெயர்ப்பலகை இருக்கும். நம்மூர் முடுக்கு மாதிரி, ஆள் மட்டும் போகலாம், பெரும்பாலும் செங்குத்துப் படிக்கட்டு. அட்வகேட்ஸ் குளோஸில் ஒருமுறையாவது இறங்குங்கள், இரண்டு சுவர் நடுவில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம் தெரியும். இதற்கெல்லாம் கைபேசியைவிட, குளோஸ் பெயர்கள் அச்சிட்ட காகித வரைபடம்தான் எனக்குப் பிடித்தது.

படி 3: மாலையை கால்டன் குன்றுக்கு வையுங்கள்

ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர், அழகான ஏற்றம், ஆனால் ஒரே நாள்தான் என்றால் நான் கால்டனையே சொல்வேன். கொஞ்சம் படி ஏறினால் போதும், கோட்டையும் கடலும் சேர்ந்து தெரியும். 1826இல் தொடங்கி, பணமில்லாமல் 12 தூணோடு நின்றுபோன நினைவுச்சின்னமும் அங்கேதான். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும், அவசரமே வேண்டாம். ஆனால் கடலிலிருந்து 'ஹார்' என்கிற மூடுபனி வந்தால் கோடையிலும் குளிரும். குடையை விட்டுவிட்டு, தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது.

பின்சேர்க்கை: குழந்தை வண்டியோடு போன ஒரு வாசகி, முடுக்குப் படிகளில் வண்டியைத் தூக்கியே கை ஓய்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேவர்லி ரயில் நிலையப் பக்கமிருந்து ராயல் மைலுக்கு ஏற காக்பர்ன் தெருவில் போங்கள், வளைந்து ஏறும் சாலை, படி இல்லை. வழி கேட்கும்போது 'கோபர்ன்' என்று கேளுங்கள், அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருவர் ஜூலைத் தொடக்கத்தில் போய் ஹோலிரூட் கதவு மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். கோடைத் தொடக்கத்தில் மன்னர் வந்து தங்கும் நாட்களில் அரண்மனைக்குள் விடமாட்டார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.