சாந்திப்பூரில் கடல் உள்வாங்கும்போது வெளிப்படும் தரையில் நடந்து செல்வது எப்படி?

ஒடிசாவின் பாலசோர் நகருக்கு அருகிலுள்ள சாந்திப்பூரில் கடல் நாளுக்கு இருமுறை 5 கி.மீ. வரை உள்வாங்குவதால், ஓத நேரத்தை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை) அறிந்த பிறகே பயணத்தை முடிவு செய்ய வேண்டும். அந்நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கோடையில் அந்த நிழலற்ற வெளியில் நண்பகல் நடை கூடாது. அதிகாலையிலோ மாலையிலோ நீர் வற்றும் நாளைத் தேர்ந்து, தொப்பியும் குடிநீரும் எடுத்துக்கொண்டு, நீர் பின்வாங்கும்போதே இறங்கி, அது திரும்பத் தொடங்குமுன் கரையேறிவிடுங்கள். ஏனெனில் ஏறிவரும் நீர் முதலில் பள்ளங்களை நிரப்பி, நடப்பவர் கரைக்குத் திரும்பும் வழியையே மறித்துவிடக்கூடும். இதில் சிறு தாமதமும் ஆபத்தானது. குதிரை லாட வடிவ ஓடுடைய கடலுயிரியான குதிரைலாட நண்டைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். டைனோசர்களுக்கும் முந்தைய அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று மல்லாந்து கிடந்தால், ஓட்டின் இரு பக்கங்களையும் பிடித்து மெல்லப் புரட்டிவிடுங்கள்.