கனடாக் குளிரில் 401-ல் ஏறும் நம்ம ஊர்க்காரர்களுக்கு: வாஷர் டேங்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்க

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து டொராண்டோ வந்து இறங்குகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே மான்ட்ரியல் கிளம்பிவிடுகிறார்கள். சுமார் 540 கிலோமீட்டர், கோயமுத்தூரிலிருந்து சென்னை போகிற மாதிரிதானே என்று ஒரு கணக்கு. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியவனுக்கு நேராகக் கிடக்கும் 401 ஹைவே ஒரு ரோடா என்ற தெனாவெட்டு வேறு.

லைசென்ஸ் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒன்டாரியோவில் குடியேறியவர் ஊர் லைசென்ஸில் 60 நாள் ஓட்டலாம். அதற்குள் ஜி1 என்கிற எழுத்துத் தேர்வை எழுதிவிடுங்கள். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று வாங்கி வந்தால் சாலைத் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். இங்கே வந்தபிறகு ஆர்டிஓ ஆபீசுக்கு மாமாவை அலையவிடாதீர்கள், பாவம்.

டயரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் போய்விடும், வின்டர் டயர் போடுங்கள் என்று. கண்ணாடி கழுவுகிற தண்ணீரைப் பற்றித்தான் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

ஊரில் என்ன செய்வோம்? வாட்டர் சர்வீஸ் விட்ட இடத்திலேயே வாஷர் டேங்கில் குழாய்த் தண்ணீரை ரொப்பி, ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றிவிடுவோம். ராத்திரி கோபியிலிருந்து வரும்போது கண்ணாடியில் அப்பும் பூச்சிக்கு அது போதும். பெருந்துறைக்காரரான எங்கள் மச்சான் இங்கே பழைய கார் வாங்கியதும் அதையேதான் செய்தார். ஷாம்பு உட்பட.

401-ல் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். பனி கரைந்து உப்புச் சேறாகிக் கிடக்கும். முன்னால் போகும் லாரி அதைக் கிளப்பி உங்கள் கண்ணாடியில் அடிக்கும். வைப்பர் ஒரு இழுப்பு இழுத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். மச்சான் கிங்ஸ்டன் தாண்டி வாஷரை அழுத்தியிருக்கிறார். மோட்டார் முனகியதே தவிர ஒரு சொட்டு வரவில்லை. டேங்க் பூராவும் ஐஸ். காலை வெயில் வேறு எதிரே. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி வழி பார்த்துக்கொண்டே ஓரங்கட்டினாராம். அப்புறம் அக்கா கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை வாங்கிக் கண்ணாடியில் ஊற்றியிருக்கிறார். அது வழியும்போதே உறைந்து, வைப்பரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

டோயிங், வெடித்த டேங்க், புகைந்துபோன பம்ப், மோட்டல் வாடகை என்று எல்லாம் மச்சான் தலையில். சில டாலருக்குக் கிடைக்கிற, குளிரில் உறையாத நீல வாஷர் தண்ணீருக்காக! “ஒரு போன் பண்ணிக் கேக்கக்கூடாதுங்களா மச்சான்?” என்றேன். “தண்ணி ஊத்தறதுக்கெல்லாமா மாப்பிள்ளை போன் பண்ணுவாங்க?” என்கிறார். என்னத்தைச் சொல்ல!

கடையில் அந்த நீலத் தண்ணீரை மைனஸ் 40 டிகிரி என்று போட்ட கேனாகப் பார்த்து எடுங்கள். கோடைக்கானதும் பக்கத்திலேயே இருக்கும், விலையும் குறைவு, கைவைக்காதீர்கள். டேங்கில் பழைய தண்ணீர் இருந்தால் அதன் மேலேயே ஊற்றக் கூடாது, கலந்து வீரியம் குறைந்துவிடும். குளிர் தொடங்குமுன் இருக்கிறதையெல்லாம் பீய்ச்சி அடித்துத் தீர்த்துவிட்டு ரொப்புங்கள். மறுபடி அடித்தால் நீலமாக வர வேண்டும், அப்போதுதான் குழாயிலும் பழசு இல்லை என்று அர்த்தம். பெட்ரோல் எடுக்கிற மாதிரி வாய் வைத்து உறிஞ்சிவிடாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கிறது, விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். டிக்கியில் ஒரு கேன் கூடுதலாகக் கிடக்கட்டும். வழியில் தீர்ந்தால் ட்ரென்டன், ஒடெசா, மல்லோரிடவுனில் ஹைவே ஓரத்து ஆன்ரூட் நிறுத்தங்கள் உண்டு.

ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள். பகலில் தானாக எரிகிற முன்விளக்கை நம்பினால் பல வண்டிகளில் பின்விளக்கு எரியாது. நீல விளக்குச் சுழல பனி தள்ளிக்கொண்டு போகும் வண்டியை முந்தாதீர்கள். அவன் பின்னால்தான் ரோடு சுத்தமாக இருக்கும்.

வாடகை வண்டி என்றால் இன்னொன்று. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோ நம்பர் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், டொராண்டோவில் எடுக்கும் காரில் என்ன டயர் என்று நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில், மலையும் அதன் நடுவில் பனித்துகளும் போட்ட சின்னம் இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள். அப்படியே பானெட்டையும் திறக்கச் சொல்லுங்கள்.