குவாண்டம் தகவலியல்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு கியூபிட். "கியூபிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும்" என்ற வாக்கியத்தை நம்பி மேலே படித்தால், பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் கோணலாகவே புரியும். கியூபிட்டின் நிலையைச் சொல்பவை இரண்டு வீச்சுகள்: 0 க்கு ஒன்று, 1 க்கு ஒன்று. அவை கலப்பெண்கள். வீச்சின் மட்டு மதிப்பை வர்க்கப்படுத்தினால்தான், அளக்கும்போது அந்த விடை வரும் நிகழ்தகவு கிடைக்கும். நிகழ்தகவுக்கு எதிர்க்குறி கிடையாது, வீச்சுக்கு உண்டு. அதனால் வீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். வீச்சையும் நிகழ்தகவையும் குழப்பிக்கொள்வதைத்தான் முதல் தவறு என்பேன்.

அதிலிருந்து பிறப்பது இன்னொன்று: மேற்பொருந்தலை, அதாவது இரு வீச்சுகளும் சுழியாகாத நிலையை, சுண்டிவிட்டு உள்ளங்கையால் மூடிய நாணயம்போல நினைப்பது. நாணயத்தில் விடை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது. கியூபிட் அப்படியல்ல. 0 நிலைக்கு ஹடமார்ட் கதவைச் (0 ஐயும் 1 ஐயும் சம அளவு மேற்பொருந்தலாக மாற்றும் செயலை) செலுத்தி அளந்தால் பாதிக்குப் பாதி 0, 1 வரும். நாணயமும் அப்படித்தானே? ஆனால் இடையில் அளக்காமல் ஹடமார்டை இன்னொரு முறை செலுத்துங்கள். கியூபிட் உறுதியாக 0 க்குத் திரும்பிவிடும், ஏனெனில் 1 க்குச் செல்லும் இரு பாதைகளின் வீச்சுகள் ½, −½ என்று வந்து கழிந்துபோகின்றன. 0 அல்லது 1 என்று குருட்டாம்போக்கில் தயாரித்த கலவைக்கு அதே கதவைச் செலுத்தினால், விடை பாதிக்குப் பாதியாகவே நிற்கும். நிலையைப் பற்றிய அறியாமையை அளக்கும் வான் நாய்மன் என்ட்ரோபியும் இதையே சொல்கிறது: மேற்பொருந்தலுக்கு 0, இந்தக் கலவைக்கு 1 பிட். ஒரு தாளில் இதைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த விளக்கமும் அதற்கு ஈடாகாது.

n கியூபிட்டுகளை விவரிக்க 2ⁿ வீச்சுகள் தேவை என்பது உண்மை. அதனால் அத்தனை தகவலையும் வெளியே எடுக்கலாம் என்பது தவறு. 1973 இல் ஹோலெவோ நிறுவிய எல்லைப்படி, n கியூபிட்டுகளை அளந்து n பிட்டுகளுக்கு மேல் பெற முடியாது. ஒரு கியூபிட்டை அனுப்பி 2 பிட் சொல்லும் அடர் குறியீட்டு முறை (பென்னட், வீஸ்னர், 1992) இதற்கு முரணாகத் தோன்றும். அங்கே பெறுபவரிடம் பின்னிய இணையின் (தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைந்த இரு கியூபிட்டுகளின்) மறுபாதி முன்பே இருக்கிறது. ஆகவே அவர் அளப்பது இரண்டு கியூபிட்டுகளை.

நகலெடுக்க முடியாது என்ற தேற்றத்தையும் அளவுக்கு மீறி நீட்டுகிறார்கள். தெரிந்த நிலையை எத்தனை முறை வேண்டுமானாலும் தயாரிக்கலாம். தெரியாத, எதுவாகவும் இருக்கக்கூடிய நிலையைப் பிரதியெடுக்கும் பொதுக்கருவிதான் சாத்தியமில்லை. சிநாட் கதவு (முதல் கியூபிட் 1 ஆனால், 0 இல் இருக்கும் இரண்டாவதைப் புரட்டும் செயல்) 0, 1 ஆகியவற்றை நகலெடுக்கிறதே என்று மேற்பொருந்தலில் அதைப் பயன்படுத்தினால் கிடைப்பது இரண்டு பிரதிகள் அல்ல, பின்னிய ஓர் இணை.

பின்னலில் எதிரெதிரான இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, அதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்பது. இங்கே என்ன செய்தாலும் அங்கே தனியாகப் பார்ப்பவரின் நிகழ்தகவுகள் மாறுவதில்லை. பின்னலைக் கொண்டு ஒரு கியூபிட்டின் நிலையை வேறிடத்துக்கு மாற்றும், 1993 இல் முன்மொழியப்பட்ட குவாண்டம் டெலிபோர்ட்டேஷனுக்கும் இரண்டு சாதாரண பிட்டுகளை வழக்கமான வழியில் அனுப்பியாக வேண்டும். மற்றொன்று, பிரியும்போதே விடைகளை எழுதிக்கொண்டு போகும் வெறும் ஒத்திசைவுதான் அது என்பது. அது உண்மையானால், 1964 இல் பெல் தொடங்கிவைத்த சமனின்மைகளில் ஒன்றான சிஎச்எஸ்எச்சில் வரும், இரு பக்க விடைகளின் ஒத்திசைவை அளக்கும் எண் 2 ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கோட்பாடு 2√2 வரை, அதாவது ஏறத்தாழ 2.83 வரை, அனுமதிக்கிறது. சோதனைகளில் 2 தாண்டப்பட்டுவிட்டது. அந்தப் பணிக்காகவே அஸ்பெ, கிளாசர், ட்சைலிங்கர் மூவருக்கும் 2022 இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.