இலங்கையின் ஆறுகளை மறக்காமல் படிப்பது எப்படி?

பெயர், நீளம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், சோதனை முடிந்த மறுநாளே எல்லாம் மறந்துவிடும். ஒரு வெற்றுத் தாளில் இலங்கையின் வெளிக்கோட்டை வரையுங்கள், அழகாக வரவேண்டும் என்றில்லை. நடுவிலிருந்து சற்றுத் தெற்கே மலைநாட்டைப் பென்சிலால் தீட்டுங்கள். பெரிய ஆறுகளில் பல இங்கேதான் பிறந்து நாலாபக்கமும் இறங்குகின்றன.

முதலில் மேற்கு, அதுதான் சுலபம். சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இரண்டு கோடுகள் இழுங்கள்: கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குச் சற்று வடக்கே கடலைத் தொடுவது களனி கங்கை, இரத்தினபுரி வழியாகக் களுத்துறைக்குப் போவது களு கங்கை. தென்மேற்குப் பருவமழை நேரே இந்தச் சரிவில்தான் கொட்டுகிறது, இரத்தினபுரியில் அடிக்கடி வெள்ளம் வருவது ஏன் என்று இப்போது புரியும். தெற்கே காலிப் பக்கம் ஜின் கங்கை, மாத்தறையில் நில்வளா கங்கை, அம்பலாந்தோட்டையில் வளவை கங்கை.

அடுத்து மகாவலி. இதற்கு மட்டும் தனி நிறம் எடுங்கள், அவசரப்படவும் வேண்டாம். 335 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது. மலைநாட்டின் மேற்குப் பக்கம் தொடங்கினாலும் மேற்கே போகாமல் நாவலப்பிட்டி, கம்பளை என்று வடக்கே ஏறி, கண்டியை வளைத்துக் கிழக்கே திரும்பி, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளைத் தாண்டி மறுபடியும் வடக்கே திரும்பி, மகியங்கனை வழியாகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. இந்த வளைவுகளை உங்கள் கையாலேயே வரைய வேண்டும், பார்த்தால் மட்டும் பதியாது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஒரு அம்புக்குறி போடுங்கள்: அங்கே மகாவலி நீரின் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாக வடக்கே வறண்ட நிலங்களுக்குத் திருப்புகிறார்கள். நெல் வயல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க இந்த ஒரு அம்புக்குறி பெரிய உதவி.

கிழக்கில் கல்லோயாவையும் அதை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தையும் குறித்தால் போதும்.

வடக்கே போகும்போது மலைநாட்டை மறந்துவிடுங்கள். இரண்டாவது நீளமான மல்வத்து ஓயா (164 கிலோமீட்டர்) அனுராதபுரத்தைத் தாண்டி, அருவி ஆறு என்ற பெயரில் மன்னார்ப் பக்கம் கடலைச் சேர்கிறது. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் தருகிறது. இவற்றுக்கு வடகீழ்ப் பருவமழைதான் ஆதாரம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், மழைநீர் கீழே இறங்கிவிடும், அதனால் அங்கே மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றுக்கு ஒரு சின்னக் கோடு போதும்.

சரி, தாளை மூடிவைத்துவிட்டு மறுநாள் புதிதாக வரையுங்கள். எந்த ஆறு எந்த ஊரில் கடலைத் தொடுகிறது என்பதை மட்டும் முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி மலைக்கு ஏறுங்கள்.